கம்யூனிட்டி காலேஜ் உதவித்தொகைகள்: எதை எடுப்பது, எதை விடுவது

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ், அதாவது இரண்டு வருட அரசுக் கல்லூரியில், ஃபீஸ் யூனிட்டுக்கு 46 டாலர் (யூனிட் என்பது பாடத்தின் அளவு). 2012 கோடையில் வைத்த விலை, இன்னும் அப்படியே இருக்கிறது. முழுநேர மாணவர் என்று கணக்கில் வர 12 யூனிட் வேண்டும், அதாவது செமஸ்டருக்கு 552 டாலர். 15 யூனிட் எடுத்தால் 690. டி ஆன்சா, ஃபுட்ஹில் கல்லூரிகள் காலாண்டு முறையில் நடப்பதால் அங்கே யூனிட்டுக்கு 31. ஃப்ரீமான்ட்டிலோ சன்னிவேலிலோ ஒரு வீட்டில் ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்தாலே ஒரு மாதத்துக்கு இதைவிடக் கூடுதலாக ஆகும். ஆக, இங்கே படிப்பின் செலவு ஃபீஸில் இல்லை. வாடகை, சாப்பாடு, கார், புத்தகம், வேலைக்குப் போகாமல் விட்ட மணிநேரம், இவற்றில்தான் இருக்கிறது. இதை மறந்துவிட்டால், நம் ஆட்கள் பலர் செய்வதுபோல ஃபீஸ் தள்ளுபடி கிடைத்ததும் "சரி, இலவசமாகிவிட்டது" என்று ஃபைலை மூடிவிடுவோம். கல்யாண வீட்டுக்குப் போய் வாசலில் சந்தனமும் கல்கண்டும் எடுத்துக்கொண்டு பந்தியில் உட்காராமல் திரும்புகிற கதை அது.

எனவே ஒவ்வோர் உதவியையும் நான் சில கேள்விகளை வைத்துத்தான் எடை போடுவேன். இது ஃபீஸை மட்டும் அடிக்கிறதா, கையில் பணமாக வருகிறதா? நடுவில் படிப்பை விட்டால் திருப்பிக் கேட்பார்களா? இன்னொன்று, யாரும் முன்கூட்டி யோசிக்காதது: இரண்டு வருடம் கழித்து யூசி, கால் ஸ்டேட் என்கிற மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஒன்றுக்கு டிரான்ஸ்ஃபர் ஆகும்போது தேவைப்படப்போகிற அதே கணக்கிலிருந்து இப்போதே செலவழிக்கிறோமா?

முதலில் அந்தத் தள்ளுபடியையே பார்த்துவிடுவோம். கலிஃபோர்னியா காலேஜ் பிராமிஸ் கிராண்ட் என்று பெயர், பழைய ஆட்கள் இன்னும் 'பாக் வேவர்' என்பார்கள். அரசு உதவி வாங்கும் குடும்பம் என்றால் ஒரு வழி, வருமானம் மத்திய அரசின் வறுமைக்கோட்டில் ஒன்றரை மடங்குக்குள் இருந்தால் இரண்டாவது வழி, ஃபாஃப்சா என்கிற மத்திய அரசின் உதவி விண்ணப்பம் போட்டு 1,104 டாலராவது தேவை இருப்பதாகத் தெரிந்தால் மூன்றாவது வழி. முதல் இரண்டுக்கும் ஃபாஃப்சாகூட வேண்டாம், சின்ன விண்ணப்பம்தான், அதனால்தான் எல்லாரும் இதோடு நின்றுவிடுகிறார்கள். இது தருவது யூனிட் ஃபீஸ் மட்டுமே. ஹெல்த் ஃபீஸ், பார்க்கிங், புத்தகம் எல்லாம் உங்கள் தலையில். அதோடு தொடர்ந்து இரண்டு செமஸ்டர் மதிப்பெண் சராசரியான ஜி.பி.ஏ. 2.0-க்குக் கீழே போனாலோ, எடுத்த யூனிட்டில் பாதியைக்கூட முடிக்காவிட்டாலோ, இது பறிபோகும். நல்ல விஷயம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் இதன் மதிப்பு வருடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் டாலர்.

வருமானம் குறைந்தவர்களுக்கு மத்திய அரசு தருகிற பெல் கிராண்டை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2025-26-க்கு அதிகபட்சம் 7,395 டாலர். கடன் இல்லை, ஒழுங்காகப் படித்து முடித்தால் திருப்பித் தர வேண்டியதில்லை. நான்கு வருடக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்கு இதே பெல் வந்தால் அது டியூஷனில் கரைந்துபோகும், கண்ணால்கூடப் பார்க்க முடியாது. கம்யூனிட்டி காலேஜில் ஃபீஸைத்தான் தள்ளுபடி ஏற்கெனவே அடித்துவிட்டதே, அதனால் பெல் முழுசாக உங்கள் வங்கிக் கணக்குக்கு வருகிறது, செமஸ்டருக்கு 3,697 டாலர். இந்த இரண்டும் சேர்ந்து வேலை செய்கிற விதம்தான் கலிஃபோர்னியாவின் தனிச்சிறப்பு. டென்னசியில் 2015-இல் தொடங்கிய டென்னசி பிராமிஸ் திட்டமும் 'இலவசக் கல்லூரி' என்றுதான் பேசப்படுகிறது, ஆனால் அது பெல்லும் மாநில உதவிகளும் போக மிச்சமிருக்கும் ஃபீஸை மட்டும் கட்டுகிற திட்டம். பெல்லே ஃபீஸை அடைத்துவிட்டால் ஏழை மாணவருக்கு அதிலிருந்து ஒன்றும் கூடுதலாக வராது. இலவசம் என்று எந்த மாநிலத்தில் யார் சொன்னாலும், பெல்லுக்கு முன்னால் கழிக்கிறார்களா பின்னால் கழிக்கிறார்களா என்று கேளுங்கள்.

பெல் யாருக்கு? அமெரிக்கக் குடிமக்களுக்கு, கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு, அகதித் தகுதி பெற்றவர்களுக்கு. இதில் நம் குடும்பங்களில் ஒரு குழப்பம் எப்போதும் உண்டு: அப்பா அம்மா இருவரும் எச்-1பி வேலை விசாவில் இருந்தாலும், இங்கே பிறந்த பிள்ளை குடிமகன்தான், பிள்ளையின் தகுதியைத்தான் பார்ப்பார்கள். பெற்றோருக்குச் சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இல்லாவிட்டாலும் ஃபாஃப்சாவில் பங்களிப்பாளராகக் கணக்குத் தொடங்கலாம். அதே வீட்டில் சென்னையில் பிறந்து, எச்-1பி-காரர்களின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் வந்த மூத்த பிள்ளைக்கு மட்டும் ஒரு டாலர்கூடக் கிடையாது. அநியாயம்தான், விதி அப்படி.

இன்னொரு கூட்டம், ஊரில் பி.இ. முடித்துவிட்டு வந்து, பத்துப் பன்னிரண்டு வருடம் காத்திருந்து கிரீன் கார்டு வாங்கி, இப்போது நர்சிங்கோ அக்கவுன்டிங்கோ படிக்கலாம் என்று கிளம்புகிற அம்மாக்கள். ஏற்கெனவே இளங்கலைப் பட்டம் உள்ளவர்களுக்கு பெல் கிடையாது, வெளிநாட்டுப் பட்டமும் இதில் சேரும். இந்தியாவில் வாங்கிய மூன்று வருட பி.எஸ்சி., பி.காம். அமெரிக்க இளங்கலைக்குச் சமமா என்பதை அந்தந்தக் கல்லூரியின் ஃபைனான்ஷியல் எய்டு ஆபீஸ் முடிவு செய்யும், அதனால் மூன்று வருடப் பட்டம் உள்ளவர்கள் "எனக்குக் கிடைக்காது" என்று தாங்களே முடிவு கட்டாமல் கேட்டுப் பார்க்க வேண்டும். பட்டத்தை மறைத்து ஃபாரத்தை நிரப்புவது மட்டும் வேண்டாம், அது மத்திய அரசு ஆவணம். பட்டம் இருந்தாலும் ஃபீஸ் தள்ளுபடி உண்டு, வொர்க்-ஸ்டடி (உதவித் திட்டத்தில் தருகிற பகுதிநேர வேலை) உண்டு, கடன் உண்டு. 2026 ஜூலை 1 முதல் இன்னொரு கதவும் திறக்கிறது: 8 வாரமாவது ஓடி 15 வாரத்துக்குள் முடியும், மாநில ஒப்புதல் பெற்ற தொழில் பயிற்சிகளுக்கு 'வொர்க்ஃபோர்ஸ் பெல்'. இதில் இளங்கலை முடித்தவர்களையும் சேர்த்திருக்கிறார்கள், முதுகலை முடித்தவர்களைச் சேர்க்கவில்லை. எம்.சி.ஏ., எம்.எஸ்சி. எல்லாம் வாங்கி வைத்திருக்கிற நம் பெண்களுக்கு இதிலும் இடமில்லை.

பெல் எவ்வளவு வரும் என்பதை, குடும்பத்தின் வசதியைக் காட்டும் எஸ்.ஏ.ஐ. என்கிற எண் முடிவு செய்கிறது. ஃபாஃப்சாவில் போடும் வருமானம், சொத்து, குடும்ப அளவு ஆகியவற்றிலிருந்து வருவது. மைனஸ் 1,500 வரைகூடப் போகும், எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் கல்லூரியில் இருந்தால் முன்பு சலுகை இருந்தது, 2024-25 முதல் அது போய்விட்டது. குடியிருக்கும் வீட்டையும் 401கே மாதிரி ஓய்வுக்காலச் சேமிப்பையும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் வேளச்சேரியில் வாடகைக்கு விட்டிருக்கும் ஃபிளாட்டை எடுப்பார்கள். இந்தியாவில் இருப்பதை யார் பார்க்கப்போகிறார்கள் என்ற பேச்சை நானும் கேட்டிருக்கிறேன். கீழே கையெழுத்துப் போடுவது நீங்கள்தான், அவ்வளவுதான் சொல்வேன். குடும்ப வருமானம் 60,000 டாலருக்குக் கீழே இருந்து வரிக்கணக்கும் எளிமையானதாக இருந்தால் சொத்துக் கேள்வியே வராது.

வேலை போனவர்களுக்கு ஒரு விஷயம். ஃபாஃப்சா பார்ப்பது இரண்டு வருடத்துக்கு முந்தைய வரிக்கணக்கை. 2026-27-க்கு 2024 வருமானம். 2024-இல் இருவர் சம்பளம், 2025-இல் லே-ஆஃப் என்றால் ஃபாரத்தில் நீங்கள் பணக்காரர்தான். அதைப் பார்த்து மனம் விட்டுவிடாதீர்கள். கல்லூரி உதவி ஆபீஸில் ஸ்பெஷல் சர்க்கம்ஸ்டன்ஸ் விண்ணப்பம் என்று கேட்டு வாங்கி, வேலைநீக்கக் கடிதம், இப்போதைய வருமானம் எல்லாவற்றையும் இணைத்துக் கொடுத்தால், இன்றைய நிலைமையை வைத்து எண்ணை மாற்ற அவர்களுக்கு அதிகாரம் உண்டு. பெரிய மருத்துவச் செலவு, விவாகரத்து, இவற்றுக்கும் இதே வழி. அவர்களாக வந்து கேட்க மாட்டார்கள், நாம்தான் போக வேண்டும்.

இனி நான் அதிகம் பேச நினைப்பது, கலிஃபோர்னியா மாநிலம் தருகிற கால் (Cal) கிராண்டும் அதன் வாலில் தொங்குகிற இன்னொரு தொகையும். கால் கிராண்டில் ஏ, பி, சி என்று மூன்று. ஏ டியூஷனுக்கானது, கம்யூனிட்டி காலேஜில் டியூஷன் இல்லாததால் அங்கே பணம் வராது, டிரான்ஸ்ஃபர் ஆகும்வரை எடுத்து வைத்திருப்பார்கள். பி வருமானம் குறைந்தவர்களுக்கு, கைச்செலவுக்கு வருடம் 1,648 டாலர். சி தொழிற்படிப்புகளுக்கு, புத்தகம், கருவிகள் என்று 1,094 வரை. மூன்றுக்கும் வருமான உச்சவரம்பு உண்டு, பி-க்கு அது இன்னும் தாழ்வு. பிள்ளை பெற்ற மாணவர் என்றால் பி-யில் 6,000 வரை கிடைக்கிறது, தனியாகக் குழந்தை வளர்த்துக்கொண்டு படிக்கிறவர்கள் இதைத் தவறவிடக்கூடாது. சரி, 1,648 என்ன பெரிய தொகையா என்று கேட்கலாம். பெரிதில்லை. ஆனால் பி அல்லது சி கையில் இருந்தால்தான் ஸ்டூடன்ட் சக்சஸ் கம்ப்ளீஷன் கிராண்ட் வரும், அங்கேதான் கணக்கே மாறுகிறது.

அந்தக் கிராண்ட், செமஸ்டருக்கு 12 முதல் 14.99 யூனிட் வரை எடுத்தால் 1,298 டாலர். 15 யூனிட்டைத் தொட்டால் 4,000. பெல் முழுசாக வருகிற ஒரு மாணவரை வைத்துக் கூட்டிப் பாருங்கள். 12 யூனிட்: பெல் 3,697, கால் கிராண்ட் பி 824, இது 1,298, மொத்தம் 5,819. 15 யூனிட்: அதே 3,697, அதே 824, அப்புறம் 4,000, மொத்தம் 8,521. பெல்லுக்கு 12-உம் ஒன்றுதான் 15-உம் ஒன்றுதான். ஆக ஒரே ஒரு மூன்று யூனிட் பாடத்துக்கு வித்தியாசம் 2,702 டாலர், ஒரு செமஸ்டருக்கு. மாநிலக் குறைந்தபட்சக் கூலி 2026-இல் மணிக்கு 16.90, அதில் இந்தத் தொகையைச் சம்பாதிக்க ஏறத்தாழ 160 மணிநேரம் நிற்க வேண்டும். மூன்று யூனிட் பாடம் என்றால் வகுப்பு, வீட்டுப்பாடம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய அதே நேரம்தான் கணக்கு. அதே உழைப்பு, ஆனால் ஒன்றில் பட்டம் நெருங்கி வருகிறது. கீழே இறங்கினால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள்: 9 யூனிட் என்றால் பெல்லும் கால் கிராண்டும் முக்கால் பங்குதான், கம்ப்ளீஷன் கிராண்ட் கிடையவே கிடையாது, மொத்தம் 3,391. வேலை நேரம் அதிகம் வேண்டும் என்று பாடத்தைக் குறைக்கிற பிள்ளைகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

எல்லாருக்கும் முழுத் தொகை வந்துவிடாது. மற்ற உதவிகள் போக இன்னும் தேவை மிச்சமிருந்தால்தான் கம்ப்ளீஷன் கிராண்ட், எல்லாம் சேர்ந்து கல்லூரி போட்டு வைத்திருக்கும் மொத்தச் செலவுக் கணக்கைத் தாண்டவும் கூடாது. 15 யூனிட் எல்லாருக்கும் ஏற்றதும் இல்லை. ஆர்கானிக் கெமிஸ்ட்ரியையும் கால்குலஸையும் ஒரே செமஸ்டரில் எடுத்துக்கொண்டு, 4,000 டாலருக்காக ஐந்தாவது பாடத்தையும் சுமந்து, கடைசியில் எல்லாவற்றிலும் சி வாங்கினால் டிரான்ஸ்ஃபர் கனவு போய்விடும். என்னைக் கேட்டால், நான்கு கடினமான பாடங்களோடு ஐந்தாவதாக இலகுவான ஒரு பொதுப்பாடம், ஆன்லைனில் கிடைத்தால் இன்னும் நல்லது. டேவிஸ், அர்வைன், சாண்டா பார்பரா உட்பட ஆறு யூசி வளாகங்கள் டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கு உறுதி இடம் தருகின்றன, அதற்கு ஜி.பி.ஏ. வேண்டும். அந்த இடத்தை 2,702 டாலருக்கு விற்றுவிடக் கூடாது.

ஐந்தாவது பாடத்துக்கு இடம் கிடைப்பது இன்னொரு தலைவலி. இங்கேதான் ஈ.ஓ.பி.எஸ். என்கிற திட்டம் உதவுகிறது. 1969-இலிருந்து இருக்கிறது, ஃபீஸ் தள்ளுபடிக்குத் தகுதியானவர்களில் கல்விப் பின்னணியில் பின்தங்கியவர்களுக்கானது. புத்தக வவுச்சர் தருவார்கள், தனி ஆலோசகர் தருவார்கள், அதைவிட முக்கியமாக எல்லாருக்கும் முன்னால் பதிவு செய்யும் உரிமை தருவார்கள். பணமாகப் பார்த்தால் சிறியது, ஆனால் 15 யூனிட்டை நிஜமாக்குவது பல நேரம் இதுதான்.

அடுத்து, டிரான்ஸ்ஃபருக்குத் தேவைப்படும் கணக்கிலிருந்து இப்போதே செலவழிக்கிறோமா என்று முதலில் கேட்ட விஷயம். பெல்லுக்கு வாழ்நாளில் 12 முழுநேர செமஸ்டர், கால் கிராண்டுக்கு நான்கு முழு வருடம். கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் கால் கிராண்ட் பி வாங்கினால் யூசியில் இரண்டு வருடம் மிச்சம், சரியாகப் பொருந்துகிறது. மூன்று வருடம் இழுத்தால் யூசியில் ஒரு வருடம்தான் மிச்சம், யூசியிலோ அந்தக் கிராண்டுதான் பெரிய டியூஷனையே கட்டுவது. வருடம் 1,648-க்காக, பின்னால் அதைப்போலப் பல மடங்கு தரக்கூடிய ஒரு வருடத்தைக் கரைக்கிறோம். எனவே மெதுவாகப் படிக்கப் போகிறோம், மூன்று நான்கு வருடம் ஆகும் என்று முன்பே தெரிந்தால், கால் கிராண்டை எந்த வருடத்தில் தொடங்குவது என்று ஆலோசகரோடு உட்கார்ந்து பேசிவிட்டு எடுங்கள்.

திருப்பிக் கேட்பதைப் பற்றி யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. செமஸ்டரில் 60 சதவீத நாள் கடக்கும் முன் எல்லாப் பாடங்களையும் விட்டுவிட்டால், எத்தனை நாள் இருந்தீர்களோ அந்த விகிதத்துக்குத்தான் மத்திய அரசுப் பணம் உங்களுடையது, மீதியில் ஒரு பங்கு கடனாக உங்கள் பெயரில் ஏறும். எல்லாப் பாடத்திலும் எஃப் வாங்கி, வகுப்புக்கு வந்ததற்கான தடயமும் இல்லையென்றால் பாதியில் ஓடிவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். பணம் நேராகக் கைக்கு வருவது நல்லது என்று மேலே சொன்னேன், அதன் மறுபக்கம் இது. அந்தக் கடன் நிற்கும்வரை வேறு கல்லூரியிலும் மத்திய உதவி வாங்க முடியாது. தவிர ஜி.பி.ஏ. 2.0, எடுத்த யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்கு தேர்ச்சி, 60 யூனிட் படிப்புக்கு 90 யூனிட்டுக்குள் முடித்தல் என்று முன்னேற்ற விதியும் உண்டு. உதவி வாங்காத செமஸ்டர்களும் இந்தக் கணக்கில் சேரும் என்பது பலருக்குத் தெரியாது.

வொர்க்-ஸ்டடியையும் வெளி வேலையையும் ஒப்பிட்டால், சம்பளத்தில் வெளி வேலை கொஞ்சம் மேலே இருக்கலாம். ஆனால் வொர்க்-ஸ்டடி வேலை லைப்ரரியிலோ ஆய்வகத்திலோ டியூட்டரிங் சென்டரிலோ இருக்கும், தேர்வு வாரத்தில் நேரத்தை மாற்றித் தருவார்கள். இன்னொரு நன்மை கண்ணுக்குத் தெரியாதது: அந்தச் சம்பளம் அடுத்த ஃபாஃப்சாவில் உங்களுக்கு எதிராக எண்ணப்படாது. வெளி வேலையில் மாணவர் வருடம் 11,000 டாலருக்குச் சற்று மேல் சம்பாதித்தால், அதற்கு மேல் வருவதில் பாதியை எஸ்.ஏ.ஐ.யில் ஏற்றிவிடுவார்கள். பிரச்சினை என்னவென்றால் வொர்க்-ஸ்டடிக்குக் கல்லூரிக்கு வரும் நிதி குறைவு, முந்தியவர்களுக்கே கிடைக்கும். எஃப்.எஸ்.ஈ.ஓ.ஜி. என்கிற இன்னொரு மத்திய கிராண்டும் இதே ரகம், 100 டாலர் முதல் 4,000 வரை, மிக ஏழை பெல் மாணவர்களுக்கு முன்னுரிமை, பெட்டி காலியானால் முடிந்தது. இரண்டுக்கும் செய்யக்கூடியது சீக்கிரம் ஃபாஃப்சா போடுவது மட்டும்தான்.

கடன். முதல் வருட மாணவர், பெற்றோரைச் சார்ந்தவர் என்றால் மத்திய அரசுக் கடன் 5,500 டாலர் வரை, அதில் 3,500 வரை சப்சிடைஸ்டு, அதாவது படிக்கும்வரை வட்டியை அரசு கட்டும். 2025-26-இல் எடுத்த கடனுக்கு வட்டி 6.39 சதவீதம். கலிஃபோர்னியாவில் சில கம்யூனிட்டி காலேஜ்கள் இந்தக் கடன் திட்டத்திலேயே இல்லை, இருக்கிற இடத்திலும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இளங்கலை முழுவதற்கும் சேர்த்து 31,000 என்று உச்சவரம்பு இருப்பதால், இங்கே எடுக்கிற ஒவ்வொரு டாலரும் யூசியில் எடுக்க முடியாத டாலர். அதனால் என் கருத்து: 552 டாலர் ஃபீஸ் வாங்கும் கல்லூரியில் கடன் எடுப்பது கடைசி வழி. ஒரே ஒரு விதிவிலக்கு வைப்பேன். வாடகை கட்ட முடியாமல் வாரத்துக்கு 30 மணிநேர வேலைக்குப் போய்ப் பாடங்களைக் கைவிடப் போகிறார் என்றால், அதைவிடச் சப்சிடைஸ்டு கடனில் 2,000 எடுத்துக்கொண்டு படிப்பை முடிப்பது மேல். அன்சப்சிடைஸ்டு பக்கம் போக வேண்டாம். பிள்ளையின் பெயரில் இல்லாமல் பெற்றோர் பெயரில் எடுக்கும் பிளஸ் கடன் கம்யூனிட்டி காலேஜுக்குத் தேவையே இல்லை.

இதுவரை சொன்னது பெரும்பாலும் வருமானம் குறைந்தவர்களுக்கு. பே ஏரியாவில் இரண்டு சம்பளம் வாங்கும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பெல்லும் வராது, கால் கிராண்ட் பி-யும் வராது. அவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, 2017-இல் ஏபி 19 என்று வந்த சட்டத்தின்படி பல கல்லூரிகள் முதன்முறை முழுநேரம் சேரும் மாணவர்களுக்கு, வருமானம் பார்க்காமல் இரண்டு வருட ஃபீஸை விட்டுக்கொடுக்கின்றன. எந்தக் கல்லூரி யாருக்குத் தருகிறது என்பது இடத்துக்கு இடம் மாறும், சில இடத்தில் புத்தகமும் சேரும். வேடிக்கை என்னவென்றால், வருமானம் பார்க்காத இதற்கும் ஃபாஃப்சா போட்டாக வேண்டும். "நமக்குத்தான் ஒன்றும் வராதே" என்று ஃபாரத்தையே தொடாதவர்கள் இதை இழக்கிறார்கள்.

இன்னொன்று வரிச்சலுகை. அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி கிரெடிட், ஃபீஸ், புத்தகச் செலவில் முதல் 2,000 டாலருக்கு முழுதும், அடுத்த 2,000-க்குக் கால் பங்கும், ஆக 2,500 வரை வரியிலிருந்து கழிக்கலாம். கம்யூனிட்டி காலேஜில் வருடம் 1,380 ஃபீஸும் அறுநூறு டாலருக்குப் புத்தகமும் நீங்களே கட்டினால் ஏறக்குறைய அத்தனையும் திரும்பி வந்துவிடுகிறது. கணவன் மனைவி சேர்ந்து கணக்குத் தாக்கல் செய்பவர்களுக்கு 160,000 டாலரில் குறைய ஆரம்பித்து 180,000-இல் நின்றுவிடும், நம்மில் பாதிப் பேர் அங்கேயே வெளியே. தகுதி உள்ளவர்களுக்கு ஒரு நுணுக்கம்: ஒரு மாணவருக்கு நான்கு வரி ஆண்டுகளுக்குத்தான் இது கிடைக்கும். 2026 ஆகஸ்டில் சேர்ந்து 2030 மே மாதம் யூசியில் முடித்தால் ஐந்து வரி ஆண்டுகள் தொடும். முதல் வருடத்தில் ஒரு செமஸ்டர் கம்யூனிட்டி காலேஜ் ஃபீஸ் மட்டும்தான் இருக்கும், அதை விட்டுவிட்டு 2027-இலிருந்து எடுங்கள். ஏற்கெனவே பட்டம் உள்ள அம்மாவுக்கு இது பொருந்தாது, அவருக்கு லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட், செலவில் 20 சதவீதம், வேலைக்காக ஒரே ஒரு பாடம் எடுத்தாலும் கேட்கலாம், வருமான வரம்பு அதேதான்.

ஸ்காலர்ஷிப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் ஆயிரக்கணக்கான பேர் போட்டி போடும் கட்டுரைப் போட்டிகளைவிடக் கல்லூரியின் சொந்த ஃபவுண்டேஷன் ஸ்காலர்ஷிப்பில் வாய்ப்பு அதிகம், ஒரே விண்ணப்பத்தில் பலவற்றுக்குப் பார்ப்பார்கள், விண்ணப்பிக்கிறவர்கள் குறைவு. நல்ல மார்க் உள்ள, வசதி குறைந்த பிள்ளை டிரான்ஸ்ஃபருக்குத் தயாரானால் ஜாக் கென்ட் குக் ஃபவுண்டேஷனின் டிரான்ஸ்ஃபர் ஸ்காலர்ஷிப்பையும் போட்டு வையுங்கள், வருடம் 55,000 டாலர் வரை தருகிறார்கள், கிடைப்பது குதிரைக்கொம்பு.

தேதிகள்: கால் கிராண்டுக்கு மார்ச் 2. கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்குச் செப்டம்பர் 2 என்று இரண்டாவது வாய்ப்பு இருக்கிறது, ஆனால் மார்ச்சை விட்டவர்களுக்கு அதுவரை வொர்க்-ஸ்டடியும் எஃப்.எஸ்.ஈ.ஓ.ஜி.யும் காத்திருக்காது. குடியேற்ற ஆவணம் இல்லாமல் இங்கே பள்ளி முடித்து, ஏபி 540 என்கிற மாநிலச் சட்டத்தில் தகுதி பெற்றவர்கள் ஃபாஃப்சாவுக்குப் பதிலாக கலிஃபோர்னியா ட்ரீம் ஆக்ட் விண்ணப்பம் போட வேண்டும், பெல் வராது, தள்ளுபடியும் கால் கிராண்டும் கம்ப்ளீஷன் கிராண்டும் வரும்.

எச்-4 பிள்ளைகளுக்கு அந்த ஏபி 540-உம் பொருந்தாது, விசாவில் இருப்பவர்களை அந்தச் சட்டம் சேர்ப்பதில்லை. அவர்களுக்கு இருக்கிற பெரிய உதவி எந்தப் பட்டியலிலும் உதவி என்று எழுதியிருக்காது: ஒரு வருடமும் ஒரு நாளும் கலிஃபோர்னியாவில் வசித்ததைக் காட்டினால் மாநிலவாசி ஃபீஸ், அந்த 46 டாலர். எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் இருப்பவருக்கு இது கிடையாது, யூனிட்டுக்குச் சில நூறு டாலர் கட்ட வேண்டும், அதனால் 21 வயதில் எச்-4 முடியும் முன் எத்தனை யூனிட் முடித்துவிட முடியுமோ அத்தனையும் முடித்துவிடுவது நல்லது. ஃபவுண்டேஷன் ஸ்காலர்ஷிப்புகளில் குடியுரிமை கேட்காதவையும் இருக்கும், கேட்டுப் பார்க்கலாம். வரிச்சலுகையை நம்பி உட்கார வேண்டாம்: 2026 வரி ஆண்டிலிருந்து மேலே சொன்ன இரண்டு கிரெடிட்டுக்கும் மாணவருக்குச் சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இருந்தாக வேண்டும், அது இல்லாதவர்களுக்கு வரித்துறை தருகிற ஐ.டி.ஐ.என். எண் செல்லாது.